பச்சை வாசனை

முன்னறையில் தையல் மெஷின் டகடகவென்று ஓடி, சட்டென்று நின்றது.

அடுப்படியில் நின்றிருந்த மாஸ்டர், கையில் இருந்த கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

"இது எது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும்," என்று முன்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"சின்னதா ஓடுச்சு. அப்போ பருப்பைப் போடணும்."

"விளங்கிடும். சின்னதா ஓடினா தீயைக் குறைக்கணும். நீளமா ஓடினாத்தான் பருப்பு. காலையிலேருந்து தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன்."

"கோவிச்சுக்காதம்மா. இன்னொரு தடவை ஓட்டு."

இந்த முறை மெஷின் நீளமாக, ஒரு பாவாடை முழுவதையும் சுற்றி வருகிற மாதிரி ஓடியது.

"பருப்பு," என்றார் மாஸ்டர்.

"அப்பாடா."

"எதுவுமே ஓடலைன்னா?"

"சும்மா நிக்கணும். பச்சை வாசனை இன்னும் போகலைன்னு அர்த்தம். கொதிக்கிறதைப் பார்த்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

"நடுவுல நீ நிஜமாவே எதையாவது தைச்சுட்டீன்னா?"

"என் புருஷன் பொழைப்பு அங்க அடுப்புல கொதிக்கும்போது நான் இங்க ஜாக்கெட் தைச்சிட்டிருப்பேனா? போங்க, போய் வெங்காயத்தை உரிங்க."

மாஸ்டர் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்துவிடுவார். அவர் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து கை கழுவும்போது மாஸ்டரின் வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருக்கும்.

பஸ் டிப்போவை ஒட்டிய அந்த மெஸ்ஸில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவ வந்தபோது அவர் வெறும் "டேய்." காய் நறுக்கும் மேடைக்கு ஏறியபோது "தம்பி." சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்த பிறகு "மாஸ்டர்." அதற்குமேல் அவருக்கு ஆசைப்பட ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் டிரைவர்களும் கண்டக்டர்களும் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். பரிமாறுகிறவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், பேச்சு நின்றுவிடும். சாம்பாரை ஊற்றியதும் எழுகிற ஆவியை மூக்கால் உறிஞ்சிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்கள். அதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பது மாஸ்டருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய சம்பளம்.

மனைவியைப் பிடித்ததும் அந்த ஜன்னல் வழியாகத்தான். அவள் அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒருநாள் சாம்பார்க் கிண்ணத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தார்.

"யாரு இதைத் திருப்பி அனுப்பினது?"

"நான்தான்."

"என்ன குறை?"

"புளி பச்சையா நிக்குது. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். நின்றது. ஒரு துளி, ஒரு நூலளவு. ஊரே சப்புக்கொட்டிச் சாப்பிட்டுப் போன சாம்பாரில் இந்தப் பெண்ணின் மூக்கு மட்டும் அதைப் பிடித்திருக்கிறது. மறுநாள் மாஸ்டரே கிண்ணத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, அவள் மூக்கு விடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தினமும் நின்றார். கல்யாணத்துக்கு முதலாளிதான் முன்னால் நின்றார். அன்றைக்கு அவளைத் "தங்கச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தவர், இன்று வரை அப்படித்தான்.

அந்த மெஸ்ஸுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் வந்தது ஒரு சாதாரணச் சளிக் காய்ச்சல். வந்தது, படுக்க வைத்தது, போனது. போகும்போது மாஸ்டரின் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நாக்கு மிச்சமிருந்தது. உப்புத் தெரிந்தது, புளிப்புத் தெரிந்தது, காரம் சுட்டது. ஆனால் மணம் என்கிற ஒன்று உலகத்திலேயே இல்லாமல் போயிற்று. வெங்காயம் வதங்கினால் கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை நுழைத்தாலும் வெறும் டப்பாதான். டாக்டர், "வந்தாலும் வரும், காத்திருந்து பார்க்கணும்," என்றார். அந்த "வந்தாலும்" என்ற வார்த்தையை மாஸ்டர் மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட.

மனைவிக்குத் தெரிய வந்த விதம் கொடுமையானது. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்து அவள் கதவைத் திறந்தாள். வீடு முழுக்கக் காஸ் நாற்றம். மாஸ்டர் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் அடுப்பின் திருகு திறந்திருந்தது. அவள் ஓடிப்போய் அதை மூடினாள், ஜன்னல்களையெல்லாம் திறந்தாள், திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா ஆச்சு?" என்று அவர் கேட்ட கேள்வியில் எல்லாம் புரிந்துபோயிற்று. அன்று அவள் அழுத அழுகை, இருபது வருஷத்தில் அவள் மொத்தமாக அழுததைவிட அதிகம்.

மெஸ்ஸில் மாஸ்டர் கண்ணை வைத்துச் சமாளித்தார். குமிழி எப்படி உடைகிறது, நிறம் எப்படி மாறுகிறது, முருங்கைக்காய் எப்போது வாய் பிளக்கிறது என்று பார்த்துப் பார்த்து இறக்கினார். சந்தேகம் வந்தால் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "வாசனை எப்படிடா?" என்பார். "சூப்பர் மாஸ்டர்," என்பான் அவன். அண்டாவில் என்ன இருந்தாலும் அவனுக்குச் சூப்பர்தான். மாஸ்டரிடம் குறை சொல்லும் தைரியம் அந்த அடுப்படியில் யாருக்கும் இல்லை. அந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது. ஒரு மத்தியானம் அண்டா அடிப்பிடித்துத் தெருமுனை வரை தீய்ந்த நாற்றம் போனது. அவர் அதே அண்டாவுக்கு ரசித்து ரசித்துக் கொத்தமல்லி தூவிக்கொண்டிருந்தார்.

டிப்போக்காரர்கள் மெல்ல மெல்ல எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார்கள். முதலாளி பருப்புக் கடையை மாற்றினார், புளியை மாற்றினார், கடைசியில் ஆளைப் பார்த்தார்.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணும் புரியலை," என்றார். "சாமான்ல குறையா, ஆள்ல குறையா? ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க பருப்பு, உங்க புளி, உங்க கை. ஒரு சாம்பார் வைங்க. நல்லா இருந்தா என் சாமான்ல கோளாறு, மன்னிப்புக் கேட்டுடறேன். இல்லைன்னா அண்டாவை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். தங்கச்சி அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. என்கூட உக்காந்து பேசிட்டிருக்கணும்."

அதனால்தான் தையல் மெஷின். மெஷின் முன்னறையில் இருந்தது. வாசனை முன்னறைக்கு வரும். மூக்கு அங்கே, கை இங்கே, நடுவில் ஓசை. யோசனை மனைவியுடையது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிற அவளைத் தெருவே டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். இத்தனை வருஷம் கத்தரிக்கோலும் அளவுநாடாவுமாய் இருந்த அவள் மூளை இப்படி வேலை செய்யும் என்று மாஸ்டர் கனவிலும் நினைத்ததில்லை.

படிக்கட்டில் தடதடவென்று ஏதோ உருண்டது. கூடவே முதலாளியின் குரல், "போச்சு, எல்லாம் போச்சு."

டெய்லரம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு ஆரஞ்சுப் பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து இறங்கிக்கொண்டிருந்தன. முதலாளி ஒரு காது அறுந்த துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"உன் வீட்டுக்குப் பழம் வாங்கிட்டு வந்தேன் தங்கச்சி. அதுங்களுக்கு வர இஷ்டமில்லை போல."

இருவரும் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒரு கூடையில் போட்டார்கள். முதலாளி அடுப்படி வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். பருப்பு மலர வெந்து தனியாக இருந்தது. புளித்தண்ணீரில் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் பூசணியும் மிதந்தன. பொடி அப்போதுதான் விழுந்திருந்தது.

"நடக்கட்டும் மாஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போய் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். டெய்லரம்மா மெஷினுக்குப் பின்னால், ஸ்டூலில், காலை மிதியில் வைக்காமல் உட்கார்ந்தாள். கொதி வர ஆரம்பித்தது. புளியும் மஞ்சளும் பொடியும் கலந்த பச்சை வாசனை மெல்ல முன்னறைக்கு வந்தது. அவள் மூக்கு அதைப் பிடித்துக்கொண்டது. இன்னும் நேரம் இருக்கிறது. அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

"தங்கச்சி, இந்தப் பைக்கு ஒரு தையல் போட்டுக் கொடேன்," என்றார் முதலாளி.

டெய்லரம்மா மெஷின் மிதியிலிருந்து காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கொடுங்கண்ணே," என்று வாங்கிக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.

"என்ன, கையில தைக்கிறே?"

"கைத்தையல்தான் கெட்டியா நிக்கும்ணே."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய மெஷின்? கொலு வைக்கவா?"

"ஊசி மொக்கையாப் போச்சு."

"பார்த்தா பளபளன்னு இருக்கே."

"பட்டை லூசா இருக்குண்ணே. மிதிச்சா நழுவுது."

"எந்திரி, நான் பார்க்கிறேன். எங்க அக்கா டெய்லர்தான், தெரியுமில்ல? சின்ன வயசுல அவ மெஷின்ல நான் எத்தனை பை தைச்சிருக்கேன்."

"வேணாம்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்…"

முதலாளி அதற்குள் ஸ்டூலைப் பிடித்துவிட்டார். அவள் அவரைத் தள்ளிவிட முடியுமா? இருபது வருஷம் சோறு போட்ட முதலாளி. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் பையின் காதை மடித்து ஊசிக்கு அடியில் வைத்தார். சக்கரத்தைத் தட்டினார். மிதித்தார்.

டகடகடகடகடகடக.

நீளமாக. மறுபடி பின்னால் கொண்டுவந்து, இன்னும் நீளமாக.

அடுப்படியில் மாஸ்டரின் கை பருப்புப் பாத்திரத்துக்குப் போய் நின்றது. இவ்வளவு சீக்கிரமாகவா? குமிழிகள் இன்னும் சின்னதாக, அவசரமாக உடைந்துகொண்டிருந்தன. புளித்தண்ணீர் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. கண், 'இல்லை' என்றது. காது, 'ஆமாம்' என்றது. அவர் ஒரு கணம் தவித்தார். தன் கண்ணையா நம்புவது, அவள் மூக்கையா? முதல் நாள் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிய மூக்கு அது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பருப்பைக் கவிழ்த்தார்.

முன்னறையில் டெய்லரம்மாவுக்கு அந்த ஓசை கேட்டது. பாத்திரத்தில் பருப்பு விழும் கொழகொழவென்ற ஓசை. அவள் அப்படியே சுவரோடு சாய்ந்தாள்.

"என்னங்க, அண்ணனுக்குத் தண்ணி கொண்டாங்க," என்று குரல் கொடுத்தாள். அவர் வந்தால் கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

மாஸ்டர் தண்ணீரோடு வந்தார். அவள் கண்ணை உருட்டினாள், உதட்டைக் கடித்தாள், தலையை லேசாக ஆட்டினாள். மனைவி இவ்வளவு பரவசப்படுகிறாள் என்றால் சாம்பார் பிரமாதமாக வந்துகொண்டிருக்கிறது என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனார்.

"இன்னொரு காதும் பலமில்லாமத்தான் இருக்கு," என்று முதலாளி அதற்கும் ஒரு சின்னத் தையல் போட்டார்.

டகடக.

உள்ளே தீ குறைந்தது.

டெய்லரம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

தட்டில் சோறு விழுந்தது. நடுவில் குழித்து, மாஸ்டர் சாம்பாரை ஊற்றினார். கடுகும் கறிவேப்பிலையும் மிளகாயும் மிதக்க, பார்வைக்கு ராஜா மாதிரி இருந்தது. மாஸ்டர் எதிரில் நின்றார். முதலாளியின் கை பிசைந்த சோற்றோடு வாய்க்குப் போகும் வழியில், மூக்குக்கு நேராக நின்றுவிட்டது. முதலாளி ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். விழுங்கினார். இரண்டாவது வாய்க்குக் கை எழவில்லை.

"மாஸ்டர், இதை மோந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன் முதலாளி."

"எப்படி இருக்கு?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மணமா இருக்கு," என்றார்.

முதலாளி தட்டைத் தள்ளி வைத்தார். அவர் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நேத்து அடுப்புப் பிடிச்ச ஆள்கூட இப்படி வைக்க மாட்டான். பச்சையா நிக்குது. இதை மணமா இருக்குன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்கன்னா, எனக்கு ஒண்ணுதான் தோணுது. எதிர்க்கடைக்காரன் கூப்பிட்டிருக்கான். என் கடையைக் கவுத்துட்டு அங்க போகப்போறீங்க. வேணும்னே செய்யறீங்க. அப்படித்தானே?"

மாஸ்டர் தலையைக் குனிந்தார். மூக்கில்லாத சமையல்காரன் என்று இவர் வாயால் கேட்பதைவிடத் துரோகி என்று கேட்பது எவ்வளவோ மேல் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது. துரோகிக்குக் கை இருக்கும், வேலை இருக்கும். மூக்கில்லாதவனுக்கு என்ன இருக்கும்?

"ஆமா முதலாளி," என்றார். "அப்படித்தான்."

முதலாளியின் முகம் ஒரேயடியாகக் கிழடு தட்டிப்போயிற்று. எழுந்தார். செருப்பைத் தேடினார்.

"பொய்," என்றாள் டெய்லரம்மா.

"நீ சும்மா இரு," என்றார் மாஸ்டர்.

"இருந்தது போதும். பொய் சொல்றார்ணே. எதிர்க்கடை வாசலைக்கூட மிதிச்சதில்லை. இவருக்கு மூக்கு செத்துப்போச்சு. காய்ச்சல்ல போனது, திரும்பி வரவே இல்லை. நீங்க மெஷின் ஓட்டினதுதான் இந்தச் சாம்பார் இப்படி ஆகக் காரணம்."

"நான் மெஷின் ஓட்டினதுக்கும் சாம்பாருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் சொன்னாள். சின்ன ஓட்டம், நீள ஓட்டம், காலையிலிருந்து நடந்த ஒத்திகை, எல்லாம். முதலாளி ஒரு தடவை மெஷினைப் பார்த்தார், ஒரு தடவை தன் காலைப் பார்த்தார்.

"அப்போ பருப்பைப் போடச் சொன்னது நானா?"

"ஆமாண்ணே. தீயைக் குறைக்கச் சொன்னதும் நீங்கதான்."

அவருக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கூடையில் இருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துத் தோலைக் கிள்ளினார். அடுப்படியில் இருந்து பெருங்காய டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்.

"மாஸ்டர், கண்ணை மூடுங்க."

மாஸ்டர் மூடிக்கொண்டார். முதலாளி டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு அடியில் பிடித்தார். மூன்றடி தள்ளி நின்ற டெய்லரம்மாவுக்கே குப்பென்று அடித்தது.

"என்ன இது?"

மாஸ்டர் ஆழமாக இழுத்தார். நெஞ்சு முழுக்க இழுத்தார். மூடிய இமைகளுக்கு அடியில் இருந்து கண்ணீர் கசிந்தது.

"ஆரஞ்சு," என்றார்.

முதலாளி டப்பாவை மூடிக் கீழே வைத்தார்.

பிறகு முதலாளி கத்தினார். "ஏன்யா என்கிட்ட சொல்லலை? நான் என்ன, மூணாம் மனுஷனா? என் கடையில அண்டா தீயுது, நீ அதுக்குக் கொத்தமல்லி தூவுறே. பரிமாறுறவன் சூப்பர்ங்கிறான். நான் பருப்புக்காரனைப் போட்டுச் சண்டை பிடிக்கிறேன். பாவம், அவன் பாட்டுக்கு நல்ல பருப்பு கொடுத்துட்டிருந்திருக்கான்."

மாஸ்டர் ஆன பிறகு இத்தனை வருஷத்தில் முதலாளி அவரை "யா" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மாஸ்டருக்கு அது என்னவோ இதமாக இருந்தது.

"சொன்னா அண்டாவை எடுத்துடுவீங்கன்னு பயம்," என்றார்.

"எடுக்கத்தான் போறேன். மூக்கில்லாம எப்படி சாம்பார் வைப்பே?"

டெய்லரம்மா தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அண்ணே, நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு. சாம்பார் இன்னும் அடுப்புலதான் இருக்கு. பச்சையா இருந்தா கொதிக்க வைக்கணும், கொட்டிடக் கூடாது. நீங்களும் உள்ள வாங்க."

மூன்று பேருக்கு அந்த அடுப்படி பற்றாது. முதலாளி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். பருப்பு விழுந்த சாம்பார், விட்டால் அடிப்பிடிக்கும். மாஸ்டர் ஒரு டம்ளர் வெந்நீரை விட்டு, அடிவரை கரண்டியைக் கொண்டுபோய்க் கிளற ஆரம்பித்தார். தோள் இறங்கி ஏறியது. மூச்சு சீரானது. ஒளிக்க ஒன்றும் இல்லாத மனிதனின் கை அது.

"இருக்கு," என்றாள் டெய்லரம்மா. "இன்னும் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து முதலாளி மூக்கை நீட்டினார். "போயிடுச்சு."

"இல்லண்ணே, இருக்கு."

"எங்க இருக்கு? எனக்கு வரலையே."

"பின்னால நிக்குது. பொடி வாசனை மேல ஏறி அதை மறைக்குது. நல்லா இழுங்க."

முதலாளி நன்றாக இழுத்தார். காரம் ஏறி இருமினார். "ஆமா, கொஞ்சமா."

"இப்போ?" என்று கொஞ்ச நேரம் கழித்து முதலாளியே கேட்டார்.

"இப்போவும் இருக்குண்ணே."

"உன் மூக்கு மூக்கில்லை தங்கச்சி, போலீஸ் நாய்."

"என் பொண்டாட்டியைத் திட்டாதீங்க," என்றார் மாஸ்டர் கிளறிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் மாஸ்டரின் கண் பாத்திரத்திலேயே இருந்தது. குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக எழுந்து, எண்ணெய் மினுக்கோடு உடைய ஆரம்பித்தன. ஓரத்தில் நுரை ஒதுங்கியது.

"இப்போ," என்றார் மாஸ்டர்.

அதே நொடியில், "இப்போ," என்றாள் டெய்லரம்மா.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கை நீட்டினார். சுத்தமாக இருந்தது. பருப்பும் புளியும் வெங்காயமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஒரே மணமாக எழுந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. "தட்டைக் கொடு," என்றார்.

நின்றபடியே சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கினார். மூன்றாம் தடவை சோறு இல்லாமல் வெறும் சாம்பாரை வாங்கிக் கிண்ணத்தோடு குடித்தார். மாஸ்டர் மெஸ்ஸின் அந்த ஜன்னல் இல்லாமலேயே, இத்தனை பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார். டெய்லரம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு வந்து முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார். கணவனும் மனைவியும் வாசலில் நின்றார்கள்.

"அடுத்து ஒரு புதுக் கடை திறக்கப்போறேன். அதை உங்ககிட்ட ஒப்படைக்கலாம்னு நினைச்சிருந்தேன்," என்றார் முதலாளி. குரலில் பழைய மரியாதை திரும்பியிருந்தது. "அது முடியாது மாஸ்டர். அங்க தனியா நிக்கணும். உங்களுக்குக் கீழ நிக்கிற ரெண்டாவது மாஸ்டரை அனுப்பிடறேன்."

மாஸ்டர் தலையாட்டினார்.

"நம்ம அண்டா உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. நாளைக்குக் காலையில அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, எல்லாரையும் நிக்க வச்சு நீங்களே சொல்லணும். எனக்கு மூக்கு இல்லை, வாசனை சரியில்லைன்னா பயப்படாம என்கிட்ட சொல்லுங்கடான்னு. பாத்திரம் கழுவுறவன் வரைக்கும். சூப்பர்னு சொல்றவனுக்குச் சம்பளம் கட்."

மாஸ்டருக்கு முகம் சுண்டியது. டேய் என்று கூப்பிடப்பட்ட இடத்தில், தன்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர்களுக்கு நடுவில் நின்று, தன் வாயால். மனைவியின் கை அவர் முதுகில் பட்டது. தள்ளவில்லை. சும்மா பட்டது.

"சொல்லிடறேன் முதலாளி."

"தங்கச்சி மூக்கைத் தினமும் கடன் கேட்க முடியாது. அவளுக்கு அவ வேலை இருக்கு. பச்சை வாசனை போற நேரத்துக்குக் கல்லாவை விட்டு நானே எந்திரிச்சு வர்றேன். என் மூக்கு அங்க சும்மாதானே உக்காந்திருக்கு?"

"உங்களுக்குப் பின்னால நிக்கிறது தெரியாதுண்ணே," என்றாள் டெய்லரம்மா.

"கத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க வந்து கத்துக்கிறேன். சாப்பாடு உண்டில்ல?"

"வாங்கண்ணே. உண்டு."

முதலாளி படியிறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, மேலே பார்த்து, "மாஸ்டர், நாளைக்குப் பூசணியைக் கொஞ்சம் அதிகமாவே போடுங்க, டிப்போக்காரனுங்களைத் திரும்ப இழுக்கணும்," என்று சொல்லிவிட்டு மறைந்தார். செருப்புச் சத்தம் கீழே போய்த் தெருவோடு கலந்தது.

டெய்லரம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.